எந்த ஓட்டல் நல்ல ஓட்டல்? - ஒரு குடும்பச் சண்டையும் கொஞ்சம் சரித்திரமும்

வெளிநாட்டுப் பயணம் கிளம்பும் நம் குடும்பங்களில் விசாவுக்குச் சண்டை, டிக்கெட்டுக்குச் சண்டை, பெட்டியின் எடைக்குச் சண்டை எல்லாம் சகஜம். ஆனால் பெரிய சண்டை ஊர் போய் இறங்கிய பிறகுதான் ஆரம்பிக்கும். "சாப்பிட எங்கே போறது?" அவ்வளவுதான். ஆளுக்கொரு ஓட்டல், ஆளுக்கொரு சிபாரிசு. உங்கள் வீட்டில் இப்படி நடந்ததே இல்லை என்றால் நீங்கள் புண்ணியம் செய்தவர்கள். இதற்கு மேல் படிக்க வேண்டாம் :-)

நான் துபாயில் வங்கி உத்தியோகம் பார்ப்பவன். படித்தது பி.காம். சரித்திரத்துக்கும் எனக்கும் பள்ளிக்கூடத்தோடு உறவு முடிந்துவிட்டது. ஆனால் கணக்கு எங்கே இடிக்கிறதோ அங்கே பழைய பேரேட்டைப் புரட்டிப் பார்க்கிற தொழில் புத்தி மட்டும் போகவில்லை. எங்கள் வீட்டுச் சண்டை ஒன்று அப்படி இடித்தது. புரட்டிப் பார்த்ததில் கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் வெள்ளறடை. திருவனந்தபுரம் மாவட்டம், நெய்யாற்றின்கரை தாலுகா. பனச்சமூடு சந்தைக்குப் போய் நாலு எட்டு வைத்தால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்களைப் பிரித்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் அந்தப் பக்கம் போயின. நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமே தங்கிவிட்டது. அதனால் எங்களுக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சாப்பாட்டில் இரண்டும். அப்பா ரப்பர் வெட்டி எங்களைப் படிக்க வைத்தவர். அவருக்குச் சாப்பாடு என்றால் காலையில் கஞ்சி, மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும். அதைத் தாண்டி எதையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

2018 டிசம்பர். பிள்ளைகளுக்கு விடுமுறை. ஊருக்குப் போய் அப்பாவையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் போனோம். அப்போது அவருக்கு 74 வயது. முதல் வெளிநாட்டுப் பயணம். அம்மா இருந்திருந்தால் அவளும் வந்திருப்பாள் என்று விமானத்தில் ஒரே ஒரு தடவை சொன்னார்.

முதல் நாள் மதியம். லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலை. தங்கமணி கும்பகோணத்துக்காரர், சுத்த சைவம். அவருடைய சித்தி மகள் சிங்கப்பூரில் பத்து வருடம் இருந்தவள். "கோமள விலாஸ் போங்க, கண்ணை மூடிக்கிட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். என் அலுவலகத்து மலையாளி நண்பரோ, "மீன் தலைக் கறி சாப்பிடாமல் திரும்பி வந்தால் என் முகத்தில் முழிக்காதே" என்று சொல்லியிருந்தார். ரேஸ் கோர்ஸ் சாலையில் இரண்டு கடை பெயர்கூட எழுதிக் கொடுத்திருந்தார். மகனுக்கு அப்போது 15 வயது. அவன் கையில் போன். சைனா டவுனில் மிஷலின் நட்சத்திரம் வாங்கிய சாப்பாட்டுக் கடை இருக்கிறதாம், உலகத்திலேயே மலிவான நட்சத்திரச் சாப்பாடாம், அதை விட்டுவிட்டு இட்லி தின்னவா இவ்வளவு தூரம் வந்தோம் என்பது அவன் கட்சி. மகளுக்கு உருளைக்கிழங்கு வறுவல் எங்கே கிடைத்தாலும் சரி.

அப்பாவைக் கேட்டேன். "எனக்கு எதானாலும் மதி மக்களே" என்றார். (மதி என்றால் எங்கள் ஊரில் போதும் என்று அர்த்தம்.)

அந்த 'மதி'யை நான் சம்மதம் என்று வரவு வைத்துக்கொண்டேன். தப்பு அங்கேதான் நடந்தது.

நடுரோட்டில் வாக்குவாதம். "மீன் பொரிச்ச சட்டியிலயே எனக்கும் எதையாவது வறுத்துக் குடுப்பாங்க" என்று தங்கமணி. "சிங்கப்பூர் வந்து சாம்பாரா?" என்று நான். "அப்பா, நீங்க சொல்ற கடைக்கு 3.9 தான் போட்டிருக்கு" என்று மகன். "முன்பின் தெரியாதவன் போட்ட மார்க்கை நம்புவே, அப்பா சொன்னா நம்ப மாட்டே" என்று நான் மறுபடியும். முழுசாக 40 நிமிடம். அப்பா ஒரு கடை வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்.

அவருக்குச் சர்க்கரை உண்டு. சாப்பாட்டுக்குக் கால் மணி முன்னால் போடும் மாத்திரை. "கிளம்பலாம்" என்று நான் அறையில் சொன்னதுமே போட்டுவிட்டாராம். மகள்தான் முதலில் பார்த்தாள். "தாத்தாவுக்கு வேர்க்குது." டிசம்பர் மழை மேகத்தில் சட்டை முழுவதும் நனைந்திருந்தது. கை நடுங்குகிறது. கூப்பிட்டால் பதில் குழறுகிறது. சர்க்கரை இறங்கிவிட்டது.

தாங்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்த தேக்கா சந்தைக்குள் போனோம். முதலில் கண்ணில் பட்ட தேநீர்க் கடைக்காரர் ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். பாலும் சீனியும் தூக்கலாகப் போட்டு ஒரு தேநீர் ஆற்றிக் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். பத்து நிமிடத்தில் அப்பாவுக்கு முகம் தெளிந்தது. அப்புறம் அந்த மனிதர் குனிந்து கேட்டார்: "ஐயா, உங்களுக்கு என்ன சாப்பிடணும் போல இருக்கு?"

அப்பா உடனே சொன்னார்: "கொஞ்சம் கஞ்சி கிட்டுமா?"

"கஞ்சி இல்லை. சோறும் சுடுதண்ணியும் இருக்கு. ஆக்கிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்துக் கடையில் சோறு வாங்கி, சுடுதண்ணீர் ஊற்றி, ஒரு கிண்ணம் மீன் குழம்பும் ஊறுகாயும் வைத்துக் கொண்டுவந்தார். அப்பா ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. நாங்கள் நான்கு பேரும் எதிரே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு ஓட்டலைத் தேர்ந்தெடுப்பதில் படித்த நாலு பேருக்குள் ஏன் இவ்வளவு பிடிவாதம்? இந்தச் சண்டை எப்போது ஆரம்பித்தது? அதன் பிறகு இது பற்றிக் கண்ணில் பட்டதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் எனக்குப் புரிந்தது ஒன்று. 'நல்ல ஓட்டல்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்கள் கேட்ட கேள்விகள். நாம் ஒவ்வொருவரும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அடுத்தவரும் அதையேதான் கேட்கிறார் என்று நினைத்துச் சண்டை போடுகிறோம்.

ஓட்டல் இல்லாத காலம்

முதலில் ஒன்று. காசு கொடுத்து வெளியில் சோறு வாங்கிச் சாப்பிடுவதே நமக்குப் புதுப் பழக்கம். பயணம் என்றால் கட்டுச்சோறு. எங்கள் பக்கம் பொதிச்சோறு என்போம். வழியில் சத்திரம் உண்டு. திருவிதாங்கூரில் ராஜா நடத்திய ஊட்டுப்புரைகள் இருந்தன. ஆனால் அங்கே இலை விழுந்தது பிராமணர்களுக்கு.

கடல் தாண்டிப் போனவர்களுக்கும் அதே ஏற்பாடுதான். சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. ஒரு கிட்டங்கிக்குள் பல வட்டிக்கடைகள். ஆளுக்கொரு பெட்டியடி, ஒரு சிறு மேசை. அங்கேயே கணக்கு, அங்கேயே படுக்கை. சமையலுக்கு ஊரிலிருந்து ஆள். செட்டிநாட்டிலிருந்து புதிதாக வந்து இறங்கும் பையன் "எங்கே சாப்பிடலாம்" என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. பெட்டியடியோடு இலையும் உண்டு. 1970-களில் நகரச் சீரமைப்பில் அந்தக் கிட்டங்கிகள் போய்விட்டன. எங்கள் தொழிலின் முன்னோர்கள் என்பதால் இதைப் படிக்கும்போது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. சிபாரிசே தேவையில்லாத பயணம்!

ஆனால் அதில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. கிட்டங்கி அந்த ஆட்களுக்குத்தான். மற்றவர்கள்?

முதல் கேள்வி: உட்கார விடுவார்களா?

சிங்கப்பூரில் அந்த இரவு, அறையில் அப்பா எனக்கு ஒரு கதை சொன்னார். என் தாத்தா பனை ஏறியவர். 1930-களின் தொடக்கத்தில் ஒரு நில வழக்குக்காக அடிக்கடி திருவனந்தபுரம் போய்வர வேண்டியிருந்ததாம். அன்றைய திருவிதாங்கூரில் எங்களைப் போன்றவர்கள் கோயிலுக்குள் போக முடியாது. ஆலயப் பிரவேச விளம்பரம் வந்தது 1936 நவம்பர் 12-ஆம் தேதிதான். கோயிலே அப்படி என்றால் காப்பிக் கடை எப்படி இருந்திருக்கும்? ஒரு தடவை கடை வாசலில் நிற்க வைத்தே காப்பி கொடுத்திருக்கிறார்கள். உள்ளே காலி பெஞ்சு தெரிகிறது. தாத்தா அந்தக் காப்பியைக் குடித்துவிட்டுக் காசைக் கொடுத்து வந்தார். அதற்குப் பிறகு சாகும்வரை ஓட்டலில் சாப்பிடவே இல்லை. எங்கே போனாலும் பொதிச்சோறு.

"அப்பன் அப்படியே எனக்கும் சொல்லித் தந்தாரு. ஓட்டல்ல போயி இது வேணும் அது வேணும்னு கேக்கப்படாது. தாறத வாங்கித் தின்னுட்டு வரணும்" என்றார் அப்பா.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நான் வரவு வைத்த அந்த 'மதி' எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. சென்னையில் ஓட்டல் பலகைகளில் 'பிராமணாள்' என்று எழுதியிருந்த காலம் ரொம்ப தூரத்தில் இல்லை. 1957-இல் திருவல்லிக்கேணியில் முரளி கஃபே முன்னால் அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லி பெரியார் மறியல் தொடங்கினார். மாதக்கணக்கில் நடந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். கடைசியில் அந்தச் சொல் பலகையை விட்டுப் போயிற்று. ஒரு ஓட்டல் பலகையில் ஒரே ஒரு சொல்லுக்காக!

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கேள்வி இருந்திருக்கிறது. அமெரிக்காவில் 1936-இல் விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் ஒரு சிறு புத்தகம் போட்டார். நியூயார்க்கில் ஹார்லெம் பகுதிக்காரர், கறுப்பினத்தவர். காரில் பயணம் போகும் கறுப்பினத்தவர்களை எந்த விடுதியில் தங்க விடுவார்கள், எந்த ஓட்டலில் உட்கார விடுவார்கள், எந்தப் பெட்ரோல் நிலையத்தில் அவமானப்படாமல் இருக்கலாம் என்ற பட்டியல். 'கிரீன் புக்' என்று பெயர். முப்பது வருடம் வந்தது. 1964-இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தபின் தேவை குறைந்து, 1960-களின் பிற்பகுதியில் நின்றுவிட்டது. அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்த குடும்பத்துக்கு 'நல்ல ஓட்டல்' என்றால் மரியாதையாக உட்கார வைத்துச் சோறு போடும் ஓட்டல். ருசி அப்புறம்.

தாத்தாவுக்கு அப்படி ஒரு புத்தகம் கிடைக்கவில்லை. பொதிச்சோறு கட்டிக்கொண்டார்.

இரண்டாவது கேள்வி: உள்ளே என்ன போடுகிறார்கள்?

இது தங்கமணியின் கேள்வி. இந்தக் கேள்விக்கு உலகப் பிரசித்தி பெற்ற ஒரு சண்டை உண்டு. 'சத்திய சோதனை' படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

1888 கடைசியில் மோகன்தாஸ் காந்தி சட்டம் படிக்க லண்டன் போகிறார். வயது 19. மாமிசம் தொடமாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார். லண்டனில் பசி. மலிவு ஓட்டல்களில் ரொட்டியை வயிறு முட்டத் தின்றும் திருப்தி இல்லை. நகரத்தில் சைவ ஓட்டல்கள் உண்டு என்று வீட்டுக்கார அம்மாள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு தினமும் பத்து, பன்னிரண்டு மைல் நடக்கிறார். ஒரு நாள் ஃபாரிங்டன் தெருவில் ஒன்று கண்ணில் படுகிறது. வாசல் பக்கத்துக் கண்ணாடிக்குள் விற்பனைக்கு வைத்திருந்த புத்தகங்களில், சைவ உணவுக்காக ஹென்றி சால்ட் எழுதியதை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார். இங்கிலாந்து வந்ததிலிருந்து வயிறார உண்ட முதல் சாப்பாடு அதுதான் என்று பின்னால் எழுதினார்.

அவருக்கு ஒரு நண்பர். 'இப்படிச் சைவம், சைவம் என்றால் பிழைக்க மாட்டாய்' என்று உண்மையான அக்கறை உள்ளவர். நாடகத்துக்குக் கூப்பிடுகிறார். அதற்கு முன் ஹோல்பர்ன் ரெஸ்டாரண்டில் விருந்து. மிகப் பெரிய, ஆடம்பரமான இடம். அங்கே போனால் கூச்சத்தில் எதுவும் கேட்காமல் சாப்பிட்டுவிடுவான் என்பது நண்பர் போட்ட கணக்கு. முதலில் சூப் வருகிறது. காந்தி பரிமாறுபவரைக் கூப்பிடுகிறார். எதற்கு என்று நண்பர் கேட்கிறார். இது காய்கறி சூப்தானா என்று விசாரிக்க. நண்பருக்கு வந்ததே கோபம். இங்கே நாகரிகமாக இருக்க முடியாவிட்டால் எழுந்து போய் வேறு எங்காவது சாப்பிட்டுவிட்டு வெளியில் எனக்காகக் காத்திரு என்கிறார். காந்தி எழுந்து போகிறார். பக்கத்தில் இருந்த சைவ ஓட்டல் அன்று மூடிக் கிடக்கிறது. பட்டினி. நண்பருடன் போய் நாடகம் பார்க்கிறார். அந்த நிகழ்ச்சி பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

இதில் யார் மேல் தப்பு? நண்பர் தன் காசில் லண்டனின் பேர் பெற்ற ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அவர் பார்த்தது ஓட்டலின் பெருமையை. காந்தி பார்த்தது கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை. 130 வருடம் கழித்து சிராங்கூன் சாலையில் நானும் தங்கமணியும் போட்ட சண்டை அச்சு அசல் இதுதான். (என்னை அந்த நண்பர் இடத்தில் வைத்துப் பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.)

கதை அத்தோடு முடியவில்லை. சில வருடம் கழித்து, 1893-94 வாக்கில், தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது காந்தி 'லண்டன் வழிகாட்டி' என்று ஒன்று எழுதினார். இங்கிலாந்துக்குப் படிக்கப் போகும் இந்திய மாணவர்களுக்காக. என்ன துணி எடுத்துப் போவது, எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது, வாரம் ஒரு பவுனில் எப்படிக் காலம் தள்ளுவது என்று கணக்கோடு. அப்போது அது அச்சாகவில்லை. பிற்பாடு அவருடைய எழுத்துத் தொகுதிகளில் வந்தது. பட்டினி கிடந்தவர் பிறகு வழி சொல்பவர் ஆனார். தன் சூப் எது என்று தானே தேடி அலைந்தவர் என்பதால் படிக்கிறவனின் வயிறும் பையும் அதில் ஞாபகம் வைக்கப்பட்டிருக்கின்றன.

நம் ராமானுஜனுக்கு இந்தக் கேள்விக்குப் பதிலே கிடைக்கவில்லை. 1914-இல் கேம்பிரிட்ஜ் போனார். சுத்த சைவம். எந்த ஓட்டலையும், கல்லூரிச் சமையலறையையும் நம்பாமல் தன் அறையில் தானே சமைத்தார். அந்த வருடமே முதல் உலகப் போர் வந்துவிட்டது. சரியான சாப்பாடு கிடைப்பது இன்னும் சிரமமாயிற்று. 1919-இல் நோயாளியாகத் திரும்பி 1920-இல் 32 வயதில் இறந்துபோனார். நோய்க்குக் காரணம் பல இருக்கலாம். ஆனால் எத்தனையோ இரவுகள் அடுப்பு மூட்டக்கூட மறந்து கணக்குப் போட்ட அந்த மனிதரை நினைத்தால், பக்கத்துத் தெருவில் ஒரு கோமள விலாஸ் இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றத்தான் செய்கிறது.

மூன்றாவது கேள்வி: ருசியாக இருக்குமா?

இது என் கேள்வி, என் மகனின் கேள்வி. மூன்றில் இதுதான் கடைக்குட்டி. முதல் இரண்டு கேள்விக்கும் கவலைப்படத் தேவையில்லாதவர்கள் கேட்பது.

மகன் கும்பிடும் மிஷலின் யார் தெரியுமா? டயர் கம்பெனி! 1900-இல் பிரான்ஸில் மொத்தக் காரே மூவாயிரம் தேறாது. கார் ஓடினால்தானே டயர் தேயும், தேய்ந்தால்தானே விற்கும்? அதற்காக ஆந்த்ரே, எதுவார் என்ற மிஷலின் சகோதரர்கள் வழிகாட்டிப் புத்தகம் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். எங்கே டயர் மாற்றலாம், எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம். 1920-இல்தான் விலை வைத்தார்கள். ஓட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியது 1926-இல். இரண்டு, மூன்று நட்சத்திரங்கள் 1931-இல் வந்தன. அவற்றுக்கு அவர்கள் சொல்லும் அர்த்தத்தைப் பாருங்கள். இரண்டு என்றால் வழியை விட்டு விலகிப் போகத் தகும். மூன்று என்றால் அதற்காகவே ஒரு பயணம் போகத் தகும். அதாவது இன்னும் கொஞ்சம் டயர் தேயும்! வர்த்தகம் படித்தவன் என்ற முறையில் எழுந்து நின்று கை தட்டுகிறேன்.

அந்த மிஷலின் 2016-இல் சிங்கப்பூருக்கு வந்தபோது இரண்டு சாதாரண சாப்பாட்டுக் கடைகளுக்கு ஆளுக்கொரு நட்சத்திரம் கொடுத்தது. அதில் ஒன்று சைனா டவுனில் சான் ஹோன் மெங் என்பவரின் சோயா சாஸ் கோழிக் கடை. மகன் போக வேண்டும் என்று அடம் பிடித்தது அங்கேதான்.

போனில் வரும் மார்க்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பெல்லாம் நம் ஊர் வங்கியில் கணக்குத் திறக்க ஒரு பழைய வாடிக்கையாளர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். 'இவரை எனக்குத் தெரியும்' என்று அர்த்தம். ஓட்டல் சிபாரிசும் ஒரு அறிமுகக் கையெழுத்துதான். அங்கே கையெழுத்துப் போடுகிறவரை வங்கிக்குத் தெரியும். போனில் 3.9 போட்டவர் சைவமா, அசைவமா, சர்க்கரை உள்ளவரா, பசியோடு போனாரா என்று ஒன்றும் தெரியாது. அவர் கேட்ட கேள்வி எது என்று தெரியாமல் அவர் பதிலை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

ஒரே தெருவில் மூன்று பதில்

வேடிக்கை என்னவென்றால் நாங்கள் சண்டை போட்ட அந்த வட்டாரத்திலேயே எல்லோருக்கும் பதில் இருந்தது. சிங்கப்பூரில் ஆனந்த பவன் தொடங்கியது 1924-இல். கோமள விலாஸ் 1947-இல். ஊரை விட்டு வந்த தமிழர்களுக்குத் தமிழர்கள் நடத்திய சைவ ஓட்டல்கள். தங்கமணி மாதிரி லட்சம் பேருக்கு 'உள்ளே என்ன' என்று கேட்காமல் உட்கார்ந்து சாப்பிட இடம். 2015 நவம்பரில் இந்தியப் பிரதமர் மோடியை சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங் கோமள விலாஸுக்குத்தான் சாப்பிடக் கூட்டிப் போனார். (தங்கமணி இதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.)

என் மீன் தலைக் கறி? அது ஊரிலிருந்து போன பண்டமே இல்லை. எம்.ஜே. கோமஸ் என்ற மலையாளி 1949 வாக்கில் சிங்கப்பூரில் செய்து பார்த்தது என்று சொல்வது வழக்கம். சீனர்களுக்கு மீன் தலை என்றால் உயிர். நம்மவர்களுக்குப் புளியும் மிளகாயும் போட்ட குழம்பு. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டார். பிற்பாடு 1969-இல் வந்த முத்தூஸ் கறி, 1974-இல் வந்த பனானா லீஃப் அப்போலோ போன்ற கடைகள் அதை வாழை இலையில் ஊரறியச் செய்தன. அடுத்த பந்திக்காரனுக்கு என்ன பிடிக்கும் என்று ஒருவர் யோசித்ததால் பிறந்த பண்டம். அதை வைத்துக்கொண்டு நான் வீட்டுக்காரியுடன் சண்டை போட்டிருக்கிறேன்!

சரி, மிச்ச நாள் என்ன செய்தோம்? அடுத்த நாள் காலை கோமள விலாஸ். இரண்டாம் நாள் மதியம் நானும் அப்பாவும் மகனும் மீன் தலைக் கறி. அப்பா கண்ணை மட்டும் ரசித்துச் சாப்பிட்டார். மூன்றாம் நாள் சைனா டவுனில் மகனோடு முக்கால் மணி நேரம் வரிசை. நன்றாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். நடுவில் மகளுக்கு உருளைக்கிழங்கு. தினமும் காலையில் மட்டும் அப்பா தேக்கா போய்விடுவார். அந்தத் தேநீர்க் கடைக்காரர் பக்கத்துக் கடையில் சொல்லி அவருக்காகச் சோறு எடுத்து வைத்திருப்பார். அவருக்குச் சொந்த ஊர் தக்கலைப் பக்கம் என்று மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அப்புறம் இரண்டு பேரையும் பிரிப்பது கஷ்டமாகிவிட்டது.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு சட்டம். எங்கே போனாலும் முதல் சாப்பாடு, யாருக்குப் பசியும் மாத்திரையும் அதிகமோ அவருக்கு. மிச்சம் ஆளுக்கொரு வேளை. யார் சிபாரிசு சொன்னாலும் முதலில் "அவங்க என்ன சாப்பிடுறவங்க?" என்று கேட்க வேண்டும். 'எதானாலும் சரி' என்ற பதில் செல்லாது. இன்னொரு தடவை கேட்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பயணம் வந்தால் இந்தக் கடைசி விதியையாவது எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிலுக்குப் பின்னால் எந்தக் கடை வாசல், எந்தக் காலி பெஞ்சு இருக்கிறதோ நமக்குத் தெரியாது.

போன மாதம் ஊருக்குப் போன் செய்தேன். பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. "அங்க சாப்பாடு எங்க நல்லாருக்கும் தாத்தா?" என்று அப்பாவிடம் வந்து கேட்டிருக்கிறான். மூன்று ஓட்டலும் தேக்காவும் பார்த்தவர் அல்லவா, எங்கள் வளைவில் இப்போது அவர்தான் நிபுணர்.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நான் ஒண்ணும் சொல்லல்ல மக்களே. உனக்கு என்ன வேணும்லே, அதை முதல்ல சொல்லுன்னு கேட்டேன்" என்றார்.